வாசகர் கேள்வி – பதில்: கொலு முதல் பொங்கல் வரை சேரும் குப்பை

நவராத்திரி தொடங்கிப் பொங்கல் முடியும் வரையிலான மூன்றரை மாதங்களில்தான் தமிழ்நாட்டு வீடுகளில் மற்ற நாள்களைவிட அதிகமாகச் சமைக்கிறோம், வாங்குகிறோம், கொடுக்கிறோம். குப்பையும் அப்போதுதான் மிகுதியாகச் சேர்கிறது. இதுபற்றி வந்த கடிதங்களில் பலரும் ஒரே கேள்வியைக் கேட்டிருந்ததால், அவற்றை ஒன்றாக்கிப் பண்டிகைகளின் வரிசையில் தந்திருக்கிறோம்.

கேள்வி: ஒவ்வொரு ஆண்டும் கொலு முடிந்ததும் எங்கள் வீட்டில் தாம்பூலத்தோடு வந்த பிளாஸ்டிக் டப்பாக்களும் சின்னச் சின்னத் தட்டுகளும் பைகளும் ஒரு அலமாரியை நிறைத்துவிடுகின்றன. கொடுப்பவர்கள் மனம் கோணாமல் இதைக் குறைக்க வழி உண்டா? நாங்களும் ஏதாவது கொடுக்கத்தானே வேண்டியிருக்கிறது?
– வாசகி, மேற்கு மாம்பலம்

பதில்: கொடுப்பதை மறுக்க முடியாது, மறுக்கவும் கூடாது. ஆனால் உங்கள் வீட்டிலிருந்து எது வெளியே போகிறது என்பது முழுக்க உங்கள் கையில் இருக்கிறது. தாம்பூலத்தின் பழைய அடக்கத்தைப் பாருங்கள்: வெற்றிலை, பாக்கு, மஞ்சள், குங்குமம், பூ, தேங்காய், பழம். வாங்கிப் போனவர் வீட்டில் ஒரு வாரத்துக்குள் இவை அனைத்தும் சாப்பிட்டோ பயன்படுத்தியோ தீர்ந்துவிடும். இதோடு 'நினைவாக இருக்கட்டும்' என்று சேர்க்கப்படும் பொருள்கள்தாம் அலமாரிக்குப் போகின்றன. ரவிக்கைத் துணியையே எடுத்துக்கொள்ளுங்கள். எந்தத் தையல்காரரையும் பார்க்காமல், மடிப்புக் கலையாமல், ஆண்டுக்கணக்கில் வீடு வீடாகச் சுற்றிவரும் ரவிக்கைத் துணிகள் நம் தெருக்களில் எத்தனை என்று யாரும் எண்ணிப் பார்த்ததில்லை. அதற்குப் பதிலாகக் கால் கிலோ வெல்லமோ, நல்ல மஞ்சள்தூளோ, ஒரு பாக்கெட் விளக்குத் திரியோ கொடுத்தால் யாரும் குறையாக நினைக்கப் போவதில்லை. தட்டோ கிண்ணமோதான் கொடுக்க வேண்டும் என்று தோன்றினால், மெல்லிய பிளாஸ்டிக்கில் நாற்பது வாங்கும் பணத்தில் எவர்சில்வரில் எத்தனை வருமோ அத்தனை வாங்கி, நெருங்கிய உறவினருக்கு மட்டும் கொடுங்கள்.

சுண்டல் விஷயத்திலும் கணக்குப் போட்டுச் சமைப்பது நல்லது. ஒரு கிலோ கொண்டைக்கடலை ஊறி வெந்தால் இரண்டு கிலோவுக்குக் குறையாது. தொன்னைக்கு 50 கிராம் என்று வைத்தாலும் நாற்பது பேருக்குப் போதும். நம்மில் பலர் பத்துப் பேர் வரும் நாளிலும் ஒரு கிலோ ஊறவைத்துவிட்டு, தேங்காய் போட்ட சுண்டல் மறுநாள் காலையில் ஊசிப்போனதும் வருந்துகிறோம். எத்தனை பேர் வருவார்கள் என்று தெரியாத நாளில், வேகவைத்த கடலையில் பாதியைத் தாளிக்காமல், தேங்காய் சேர்க்காமல் குளிர்பதனப் பெட்டியில் எடுத்து வைத்தால் அது மறுநாள் குருமாவுக்கு ஆகும்.

ஏற்கெனவே சேர்ந்துவிட்ட டப்பாக்களில் மூடி சரியாகப் பொருந்துபவற்றை மட்டும் வைத்துக்கொண்டு, தீபாவளிக்கு முறுக்கு அனுப்ப அவற்றையே பயன்படுத்துங்கள். சூடான பலகாரத்தை மட்டும் அவற்றில் போட வேண்டாம்.

கேள்வி: எங்கள் குடியிருப்பில் எண்பது வீடுகள் உள்ளன. ஆயுத பூஜைக்கு மறுநாள் வாழைக்கன்று, மாலை, மாவிலை, உடைத்த பூசணிக்காய் எல்லாம் குப்பைத் தொட்டியைச் சுற்றி மலைபோல் குவிந்து, இரண்டு நாளில் நாற்றம் எடுக்கிறது. இவையெல்லாம் மக்கும் பொருள்கள்தானே, அங்கேயே உரமாக்க முடியாதா?
– குடியிருப்போர் சங்கச் செயலாளர், தாம்பரம்

பதில்: முடியும். ஆனால் மக்கும் பொருள் என்பதாலேயே குவித்து வைத்தால் உரமாகிவிடாது. நீங்கள் சொல்லும் நாற்றம் ஈரம் மிகுந்து காற்றுப் புகாமல் அழுகுவதால் வருவது. பூசணிக்காயும் வாழைத்தண்டும் பெரும்பகுதி தண்ணீர்தான் என்பதால், அவற்றோடு காய்ந்த சருகோ தென்னை நார்க்கழிவோ மரத்தூளோ சேர்ந்தால்தான் குவியல் சரியாக மக்கும். அளவில் ஒரு பங்கு ஈரப்பொருளுக்கு இரண்டு பங்கு உலர்பொருள் என்று தொடங்குங்கள். நாற்றம் வந்தால் உலர்பொருளைக் கூட்டுங்கள், பல நாள் ஆகியும் மக்காமல் அப்படியே கிடந்தால் தண்ணீர் தெளியுங்கள். அதற்காக செப்டம்பரிலிருந்தே குடியிருப்பில் உதிரும் சருகுகளைச் சாக்குகளில் கட்டி வைக்கச் சொல்லுங்கள். பலரும் சருகைக் குப்பை வண்டியில் ஏற்றி அனுப்பிவிட்டு, பிறகு நார்க்கழிவைக் காசு கொடுத்து வாங்குகிறார்கள்.

வாழைக்கன்றைக் கையளவுத் துண்டுகளாக வெட்டிப் போட வேண்டும்; முழுதாகப் போட்டால் நார் மாதக்கணக்கில் அப்படியே இருக்கும். நுண்ணுயிர்கள் பெருகப் புளித்த மோரோ சாணிக் கரைசலோ தெளிக்கலாம். வாரம் ஒருமுறை கிளறிவிட்டால் நம் ஊர் வெப்பத்தில் ஏறத்தாழ இரண்டு மாதத்தில் மண்வாசனையோடு உரம் கிடைக்கும்.

உண்மையான தொல்லை மாலைகளில் இருக்கிறது. கடையில் வாங்கும் மாலையைப் பிரித்துப் பாருங்கள்: பூவுக்குள் நைலான் நூல், இடையிடையே ஜிகினாத் தாள், குஞ்சத்தில் பிளாஸ்டிக் சரிகை, சிலவற்றில் மெல்லிய கம்பியும் இருக்கும். அப்படியே உரக்குழியில் போட்டால் பூ மக்கிப்போகும். நூல் மட்டும் சிக்கலாகத் திரண்டு, கிளறும் மண்வெட்டியைச் சுற்றிக்கொள்ளும். ஆகவே பூவை உதிர்த்துவிட்டு நூலைத் தனியே எடுக்க வேண்டும். உதிர்க்கும் வேலையைப் பிள்ளைகளிடம் விட்டால் அரைமணி நேரத்தில் முடித்துவிடுவார்கள். அடுத்த ஆண்டு பூக்காரரிடம் வாழைநாரில் கட்டச் சொல்லி முன்பணம் கொடுங்கள். நாரில் கட்டத் தெரிந்தவர்கள் இன்னும் எல்லா ஊர்களிலும் இருக்கிறார்கள், கேட்பவர்கள்தான் குறைந்துவிட்டார்கள்.

பூசணிக்காயை நடுத்தெருவில் உடைக்க வேண்டாம் என்பதையும் உங்கள் சங்கத்தின் சுற்றறிக்கையில் சேர்த்துவிடுங்கள். அதில் வழுக்கி விழும் இருசக்கர வண்டிகளுக்காகக் காவல் துறையினர் ஆண்டுதோறும் எச்சரிக்கிறார்கள். வாசலுக்கு உள்ளே ஒரு சாக்கை விரித்து அதன்மேல் உடைத்தால், திருஷ்டியும் கழியும், துண்டுகளை அள்ளுவதும் எளிது. உள்ளே போட்ட நாணயங்களை எடுத்துவிட மறக்காதீர்கள்.

கேள்வி: தீபாவளிப் பலகாரம் சுட்ட பிறகு மிஞ்சும் எண்ணெயை என்ன செய்வது? கொட்ட மனம் வரவில்லை, மறுபடி பயன்படுத்தவும் பயமாக இருக்கிறது.
– வாசகி, மதுரை

பதில்: மிஞ்சும் அளவை முதலில் குறையுங்கள். அகன்ற வாணலியை விட, வாய் குறுகிய, ஆழமான வாணலியில் பாதி எண்ணெயிலேயே பலகாரம் முழுகிவிடும். சுடுவதற்குச் சற்று நேரம் கூடுதலாகும், அவ்வளவுதான். வரிசையையும் கவனியுங்கள். தட்டை, முறுக்கு, ரிப்பன் பக்கோடா ஆகியவற்றை முதலில் சுட்டுவிட்டு, வெல்லப்பாகு சேர்ந்த அதிரசத்தைக் கடைசிக்கு வைத்துக்கொண்டால் எண்ணெய் சீக்கிரம் கருக்காது. ஆறியதும் துணியில் வடிகட்டி, அடியில் தங்கிய மாவுத்துகள்களை நீக்கி, ஒரு வாரத்துக்குள் தாளிக்கவும் பொரியலுக்கும் தீர்த்துவிடலாம்.

எண்ணெயைத் திரும்பத் திரும்பக் காய்ச்சும்போது அதில் உருவாகும் முனைவுச் சேர்மங்கள் 25 விழுக்காட்டைத் தாண்டினால் அதைச் சமையலுக்குப் பயன்படுத்தக் கூடாது என்று இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் வகுத்த வரம்பு 2018 ஜூலையிலிருந்து நடைமுறையில் இருக்கிறது. வீட்டில் அதை அளக்கக் கருவி கிடையாது. ஆனால் எண்ணெய் கருத்து, பிசுபிசுத்து, நுரை கட்டி, அடுப்பில் வைத்த சிறிது நேரத்திலேயே புகைந்தால் அதன் காலம் முடிந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம். அப்படிப்பட்ட எண்ணெயைத் தொட்டியில் ஊற்றினால் குழாயில் உறைந்து அடைப்பு ஏற்படும். கொஞ்சமாக இருந்தால் மரத்தூளிலோ பழைய செய்தித்தாளிலோ ஊறவைத்துக் குப்பையில் சேர்க்கலாம். அதிகமாக இருந்தால் பாட்டிலில் அடைத்து வையுங்கள். உணவகங்களிலிருந்து பழைய எண்ணெயைப் பெற்றுப் பயோடீசல் தயாரிக்க அனுப்பும் முகவர்கள் பெருநகரங்களில் இருக்கிறார்கள். ஒரு வீட்டுக்காக அவர்கள் வரமாட்டார்கள். நாற்பது வீட்டார் சேர்த்து வைத்தால் கேட்டுப் பார்க்கலாம்.

கேள்வி: வெடித்த பட்டாசுத் தாள்களைப் பழைய பேப்பர் கடையில் போடலாமா? அல்லது குவித்து எரித்துவிடலாமா?
– வாசகர், கோயம்புத்தூர்

பதில்: இரண்டும் கூடாது. அந்தத் தாள்களில் கந்தகம், நைட்ரேட்டு உப்புகள், அலுமினியத் தூள் ஆகியவற்றின் எச்சம் ஒட்டியிருப்பதால் அவை மறுசுழற்சிக்கும் உரத்துக்கும் ஆகா. குவித்து எரிப்பது அதைவிட ஆபத்து. உள்ளே வெடிக்காமல் கிடக்கும் ஒன்றிரண்டு வெடிகள், எரிப்பவர் குனிந்து பார்க்கும் நேரத்தில்தான் வெடிக்கும். மறுநாள் காலையில் தெருவைக் கூட்டியதும் குவியலின்மேல் தண்ணீர் தெளித்து, தனிச் சாக்கில் கட்டி, 'பட்டாசுக் குப்பை' என்று எழுதித் தூய்மைப் பணியாளரிடம் கொடுங்கள். சென்னையில் மாநகராட்சி இதைத் தனியாகச் சேகரித்து, கும்மிடிப்பூண்டியில் அபாயகரக் கழிவுகளைக் கையாளும் ஆலைக்கு அனுப்புகிறது. உங்கள் ஊரிலும் அப்படி ஏற்பாடு இருக்கிறதா என்று வார்டு அலுவலகத்தில் தீபாவளிக்கு முன்பே கேட்டுவிடுவது நல்லது.

பட்டாசு வந்த வெளி அட்டைப்பெட்டிகள் சுத்தமானவை. அவற்றைத் தனியே கட்டிக் கடையில் போடலாம். கம்பி மத்தாப்பு எரிந்து முடிந்ததும் கம்பியைத் தரையில் எறியாமல் தண்ணீர் வாளியில் போடப் பிள்ளைகளைப் பழக்குங்கள். வெறுங்காலில் வருபவர்களுக்குச் சூடு படாது. மறுநாள் கம்பிகளை ஒரு கட்டாகப் பழைய இரும்பில் சேர்த்துவிடலாம்.

கேள்வி: விருந்துக்குப் பிளாஸ்டிக் வேண்டாம் என்று பேப்பர் தட்டும் பேப்பர் கப்பும் வாங்குகிறோம். அது சரிதானே?
– வாசகர், திருச்சி

பதில்: சரியல்ல. பேப்பர் கப்பைக் கிழித்துத் தண்ணீரில் ஊறவையுங்கள். உட்புறத்திலிருந்து மெல்லிய படலம் ஒன்று உரிந்து வரும். அது பிளாஸ்டிக். தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை செய்யப்பட்ட பதினான்கு வகைப் பொருள்களில் பிளாஸ்டிக் பூசிய காகிதத் தட்டுகளும் கப்புகளும் அடங்கும்; துணிபோலத் தோற்றமளிக்கும் நெய்யாத பைகளும், பந்தியில் மேசைமேல் விரிக்கும் பிளாஸ்டிக் விரிப்பும்கூட அந்தப் பட்டியலில் உள்ளன. வாழையிலை, பாக்குமட்டைத் தட்டு, மந்தாரை இலை எதுவும் கிடைக்காத நாளில் உறவினர் வீட்டு எவர்சில்வர் டம்ளர்களை இரவல் வாங்குங்கள். கழுவ ஆள் இல்லை என்று சொல்பவர்களுக்கு என் பதில்: விருந்தினரையே கழுவச் சொல்லுங்கள். நெருங்கியவர்கள் தயங்க மாட்டார்கள்.

கேள்வி: புதுத் துணிகளோடு வரும் அட்டை, கிளிப், பிளாஸ்டிக் உறை ஆகியவற்றையும், பழைய துணிகளையும் என்ன செய்வது?
– வாசகி, சேலம்

பதில்: ஒரு சட்டையைப் பிரித்தால் காலருக்குள் ஒரு பிளாஸ்டிக் பட்டை, கழுத்துப் பித்தானுக்கு அடியில் பட்டாம்பூச்சி வடிவத் துண்டு, முதுகில் அட்டை, நான்கைந்து கிளிப்புகள், ஊசிகள், ஒரு மெல்லிய தாள், இத்தனைக்கும் மேலே உறை என்று வந்துகொண்டே இருக்கும். துணி எடுத்து முடிவு செய்ததும் கடையிலேயே பிரிக்கச் சொல்லி, துணியை மட்டும் உங்கள் மஞ்சப்பையில் வாங்கி வாருங்கள். மாற்றிக்கொள்ள வேண்டியிருக்குமோ என்ற ஐயம் இருந்தால் மட்டும் பெட்டியோடு வாங்குங்கள்.

பழைய துணியைப் பண்டிகைக்கு முன்பே, துவைத்து, பித்தான் தைத்துக் கொடுத்தால் வாங்குபவர் அன்றைக்கே உடுத்திக்கொள்ள முடியும். கிழிந்ததை யாருக்கும் கொடுக்காதீர்கள். பருத்தியாக இருந்தால் கரித்துணிக்கும் தரை துடைக்கவும் ஆகும். பழைய நூல் புடவைக்கு வீட்டில் வேலை இல்லாமல் போனதே இல்லை.

கேள்வி: கார்த்திகைக்கு ஆண்டுதோறும் புது அகல் வாங்க வேண்டுமா?
– வாசகி, திருநெல்வேலி

பதில்: வேண்டியதில்லை, சாத்திரத்துக்கு இரண்டு புதிதாக வாங்கினால் போதும். பழையவற்றை வெந்நீரில் சீயக்காய்த் தூள் போட்டு ஊறவைத்துத் தேய்த்தால் எண்ணெய்ப் பிசுக்கு போய்விடும். புது அகலைச் சில மணி நேரம் தண்ணீரில் ஊறவைத்து உலர்த்தினால் எண்ணெய் குடிப்பதும் குறையும்.

கேள்வி: நாங்கள் மக்கும் குப்பை, மக்காத குப்பை என்று பிரித்துத்தான் கொடுக்கிறோம். வண்டியில் இரண்டையும் ஒன்றாகக் கொட்டுகிறார்கள். பிறகு எதற்காகப் பிரிக்க வேண்டும்?
– ஊர் பெயர் வேண்டாம் என்று கேட்ட வாசகர்

பதில்: உங்கள் கோபம் நியாயமானது. வீட்டிலேயே பிரித்துக் கொடுக்க வேண்டும் என்று 2016-ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகள் கூறியபோது, பிரித்ததைக் கலக்காமல் எடுத்துச் செல்லும் கடமையும் உள்ளாட்சி அமைப்புகளின்மேல் வந்துவிட்டது. ஆகவே எழுத்துமூலம் புகார் கொடுங்கள். ஆனால் அதற்காகப் பிரிப்பதை நிறுத்திவிடாதீர்கள். சென்னையில் மட்டும் நாளொன்றுக்கு 5,000 டன்னுக்கு மேல் குப்பை சேர்கிறது. பல பத்தாண்டுகளாகப் பெருங்குடியிலும் கொடுங்கையூரிலும் கலந்து கொட்டியதைத்தான் இப்போது பெரும் பணம் செலவழித்துத் தோண்டிப் பிரிக்கிறார்கள். கலந்து கிடக்கும் ஈரக்குப்பையிலிருந்து மீத்தேன் வாயு வெளியாகிறது. அதில் தீப்பிடித்தால் அணைப்பது கடினம். 2022 ஏப்ரலில் பெருங்குடியில் பற்றிய தீ பல நாள்கள் புகைந்ததை அங்கே குடியிருப்பவர்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

வண்டியை நம்பாமல் செய்யக்கூடியதும் இருக்கிறது. உலர்ந்த காகிதம், அட்டை, பாட்டில், பால் உறை ஆகியவற்றைப் பழைய பேப்பர் கடைக்கும், காய்கறித் தோலை உங்கள் உரத்தொட்டிக்கும் அனுப்பிவிட்டால், வண்டிக்குப் போவது மிகக் கொஞ்சம். இன்னொன்றையும் கவனியுங்கள். பல வண்டிகளின் பக்கவாட்டில் சாக்குகள் தொங்குவதைப் பார்த்திருப்பீர்கள். தூய்மைப் பணியாளர்கள் போகும் வழியிலேயே விலைபோகும் பொருள்களைக் கையால் பிரித்து அவற்றில் சேர்க்கிறார்கள். சாம்பார் ஒட்டாத அட்டையாக நீங்கள் கொடுத்தால் அது அவர்களுக்கு வருமானம். உடைந்த கண்ணாடியைத் தாளில் சுற்றி எழுதிக் கொடுத்தால் அவர்கள் கை தப்பும்.

கேள்வி: போகியன்று பழையதை எரித்தே தீர வேண்டும் என்கிறார் என் மாமியார். பழைய மெத்தை, பிளாஸ்டிக் நாற்காலி, கிழிந்த பை எல்லாம் இப்போதே ஒதுக்கி வைத்திருக்கிறார். எப்படிப் பேசிப் புரியவைப்பது?
– வாசகி, பெரம்பூர்

பதில்: அவர் சின்ன வயதில் என்னென்ன எரித்தார்கள் என்று அவரிடமே கேளுங்கள். கிழிந்த கோரைப்பாய், தேய்ந்த துடைப்பம், ஓட்டை விழுந்த முறம், பனையோலைப் பெட்டி என்றுதான் பதில் வரும். அத்தனையும் செடியிலிருந்தும் மரத்திலிருந்தும் வந்தவை. இன்று அதே குவியலில் சேரும் நாற்காலியும் ரெக்சின் பையும் நுரை மெத்தையும் டயரும் எரியும்போது வருவது வேறு புகை, பி.வி.சி. வகைப் பிளாஸ்டிக் எரிந்தால் டயாக்சின் போன்ற நச்சுகள் உண்டாகின்றன. போதாததற்கு மார்கழிக் கடைசியின் குளிர்ந்த விடியற்காலையில் தரையை ஒட்டிய காற்று மேலே எழும்புவதில்லை. புகை பனியோடு கலந்து தெருவிலேயே தங்கிவிடுகிறது. 2018 போகியன்று சென்னை விமான நிலையத்தில் பல விமானங்கள் தாமதமானதும் வேறு ஊர்களுக்குத் திருப்பப்பட்டதும் இதனால்தான். குப்பையைத் திறந்தவெளியில் எரிப்பதே விதிப்படி தடை செய்யப்பட்டது என்பதையும் சொல்லுங்கள். ஆனால் அதைக் கடைசியாகச் சொல்லுங்கள். சட்டத்தைச் சொல்லி மாமியாரை வென்ற மருமகள்கள் குறைவு.

பிறகு ஒதுக்கி வைத்ததை அவரோடு உட்கார்ந்து பிரியுங்கள். மெத்தையில் இலவம்பஞ்சு இருந்தால் பஞ்சடித்துப் புது உறை போடலாம். நாற்காலி உடைந்திருந்தாலும் காயலான் கடையில் எடைக்கு எடுப்பார்கள். பழுதான மிக்சி, சார்ஜர், சீரியல் விளக்கு ஆகியவற்றை மின்னணுக் கழிவாகத் தனியே சேருங்கள். சென்னையில் போகிக்கு முந்தைய நாள்களில் பழைய துணி, டயர் போன்றவற்றை மாநகராட்சிப் பணியாளர்கள் தனியே பெற்றுக்கொள்ளும் ஏற்பாடு சில ஆண்டுகளாக நடந்துவருகிறது. விடியலில் பிள்ளைகள் போகி மேளம் அடிக்கட்டும். அதில் புகை இல்லை. இத்தனைக்குப் பிறகும் மாமியார் ஒரு பழைய துடைப்பத்தைக் கற்பூரத்தோடு கொளுத்தித்தான் சமாதானமாவார் என்றால், நான் உங்கள் பக்கம் நின்று சண்டை போடமாட்டேன்.

கேள்வி: பொங்கல் முடிந்ததும் கரும்புச் சக்கையும் மஞ்சள், இஞ்சிக் கொத்துகளும் குவிகின்றன. இவற்றுக்கு ஏதாவது பயன் உண்டா?
– வாசகர், தஞ்சாவூர்

பதில்: உங்கள் ஊரில் கரும்புத் தோகையை மாடு வைத்திருப்பவர்கள் கேட்டு வாங்கிப் போவார்கள் என்பதால் அதைப்பற்றிக் கவலையில்லை. சக்கையை ஒரு நாள் வெயிலில் காயவைத்து நறுக்கினால், மேலே தாம்பரத்து வாசகருக்குச் சொன்ன உலர்பொருளாக அது பயன்படும். காயவைக்காமல் குவித்தால் எறும்பும் ஈயும் மொய்க்கும். மஞ்சள் இலை கனுப்பிடி வைக்க ஆகும். மிஞ்சியதில் கொழுக்கட்டையைப் பொதிந்து அவித்தால் மணம் நன்றாக இருக்கும். கிழங்குகளைத் தூக்கிப் போடாதீர்கள். இஞ்சி சமையலுக்குப் போய்விடும். மஞ்சளில் பருமனான கிழங்குகளை மண் தட்டி, நிழலில் உலர்ந்த மணலில் புதைத்து வைத்தால் வைகாசி வாக்கில் முளை தெரியும். அப்போது பழைய சாக்கிலோ தொட்டியிலோ நட்டுவிடுங்கள். எட்டு ஒன்பது மாதப் பயிர் என்பதால் அடுத்த பொங்கல் பானைக்குக் கட்ட உங்கள் வீட்டிலேயே கொத்து தயாராக இருக்கும்.